சண்டையே வராத கல்யாணம்: கோவலனையும் கண்ணகியையும் தொல்படிம உளவியலோடு வாசிப்பது

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் உங்கள் வாசிப்பு வட்டம் நாலைந்து மாதமாகச் சிலப்பதிகாரம் வாசிக்கிறது. போன கூட்டத்தில் ஒருவர் கட்டுரை வாசித்தார். கோவலன் 'நித்திய பாலன்' (வளரவே மறுக்கிற பையன்), கண்ணகி கிரேக்கரின் ஹேரா (கல்யாணத்தின் தெய்வம்), மாதவி அப்ரோடைட் (காதல் தெய்வம்), இந்த மூன்று தொல்படிமங்களும், அதாவது மனித மனத்தில் திரும்பத் திரும்ப வருகிற மூல உருவங்களும், மோதியதால் கல்யாணம் உடைந்தது என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள், தேத்தண்ணி குடித்தீர்கள், கலைந்தீர்கள். வீட்டுக்குப் போகிற வழியில் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்களுக்கு ஏதோ ஏமாந்தது போல இருந்தது. "யுங், ஹில்மன் வழியில் ஒரு சந்தோஷமில்லாத கல்யாணத்தை வாசிப்பது என்றால் இவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (யுங் தொல்படிமம் பற்றிப் பேசிய சுவிஸ் உளவியலாளர், ஹில்மன் அவர் வழியில் வந்தவர்.)

ஏமாந்தது சரிதான். கட்டுரை வாசித்தவர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை, ஆனால் அவர் செய்தது பெயர்ப்பலகை மாட்டுகிற வேலை. உளவளத்துணைக்கு வருகிற தம்பதிகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன். இப்போதெல்லாம் வந்து உட்காரும்போதே ஃபோனில் பார்த்த ஒரு சொல்லைக் கையோடு கொண்டு வருகிறார்கள். இவர் நார்சிஸிஸ்ட், இவ டொக்ஸிக். அந்தச் சொல் மேசையில் விழுந்த பிறகு யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருப்போம். ஹேரா என்று கிரேக்கத்தில் சொன்னாலும் நடப்பது அதுவேதான்.

ஜேம்ஸ் ஹில்மன் சூரிச் யுங் நிறுவனத்தில் கல்விப் பொறுப்பாளராக இருந்தவர். 1970இல்தான் தன் வழிக்குத் 'தொல்படிம உளவியல்' என்று பெயர் வைத்தார். யுங்கிடமிருந்து அவர் விலகிய இடம் முக்கியமானது. தொல்படிமம் என்பது எங்கோ அடியில் ஒளிந்திருக்கிற ஒரு பொருள், அதைத் தோண்டி எடுத்துப் பெயர் சொன்னால் வேலை முடிந்தது என்கிற எண்ணத்தை அவர் விட்டுவிட்டார். எந்தப் படிமத்தையும் போதிய பொறுமையோடு பார்த்தால் அதுவே ஆழமாகும் என்பது அவர் கட்சி. கியூபாவில் பிறந்து வெனிசுவேலாவில் வேலை செய்த லோபெஸ் பெத்ராசா என்ற நண்பர் சொன்ன 'படிமத்தை விடாதே' என்ற ஒரு வரியைத் தன் முறைக்கே தலைப்பாக வைத்துக்கொண்டார். பாம்பு கனவில் வந்தால் பாம்புக்கு என்ன அர்த்தம் என்று அகராதி பார்க்காதே, அது என்ன நிறம், எங்கே கிடக்கிறது, என்ன செய்கிறது என்று பார். அவ்வளவுதான் முறை. சொல்லச் சுலபம், செய்து பார்த்தால் தெரியும் எவ்வளவு மினக்கெட வேண்டும் என்று.

கட்டுரைக்காரருக்கும் ஒரு நியாயம் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதில் சரக்கு இல்லாமல் இல்லை. கோவலனிடம் பாலன் குணம் நிறைய உண்டு. 1008 கழஞ்சு பொன் பெறுமதியான மாலையை ஒரு கூனி தெருவில் வைத்து விற்க, யோசிக்காமல் வாங்கிக்கொண்டு மாதவி வீட்டுக்குப் போகிறான். பிறகு ஒரு கடற்கரைப் பாட்டில் சந்தேகம் வந்ததும் அவளையும் விட்டு எழுந்து நடக்கிறான். இறங்கத் தெரியாத பறவை. யுங் 1925இல் கல்யாணம் பற்றி எழுதிய கட்டுரையில், ஒருவர் கல்யாணத்துக்குள் முழுதாக அடங்கிவிடுவார், மற்றவர் அதற்குள் அடங்காமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருப்பார் என்று சொல்கிறார். வாசித்தவுடன் கோவலன் ஜன்னலடியில் நிற்பது தெரியும். ஹேராவும் அப்படியே. பழைய கிரேக்கத்தில் ஸ்டிம்ஃபாலோஸ் என்ற ஊரில் அவளுக்கு மூன்று கோயில் இருந்ததாகப் பௌசானியஸ் என்ற பழங்காலப் பயணி எழுதிவைத்திருக்கிறார்: கன்னி, மனைவி, கைம்பெண். பன்னிரண்டு வயதில் மணமாகி, வீட்டில் தனித்திருந்து, கைம்பெண்ணாகத் தெருவில் நின்ற கண்ணகிக்கு மூன்றும் பொருந்தும்.

பொருந்தி என்ன? யுங்கின் கணக்குப்படி எளிமையானவர் அடங்குவார், சிக்கலானவர் வெளியே பார்ப்பார். கதை முடியும்போது இந்த இரண்டு பேரில் யார் எளிமை, யார் சிக்கல் என்று உங்களுக்கே தெரியும். பலகை மாட்டினால் இது தப்பிவிடும். ஆகவே பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் மனையறம்படுத்த காதை. மேல்மாடம், நிலவு, தென்றல். கோவலன் பேசத் தொடங்குகிறான்: "மாசறு பொன்னே! வலம்புரி முத்தே! காசறு விரையே! கரும்பே! தேனே!" பள்ளிக்கூடத்தில் இதை நாங்கள் ராகம் போட்டுப் படித்தோம், மனைவியைப் புகழ இதைவிட வடிவான வரி இல்லை என்று டீச்சர் சொன்னா. வடிவுதான். ஆனால் ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். பொன், முத்து, வாசனைப் பொருள், கரும்பு, தேன், பாவை, மருந்து. பெருவணிகன் மகன் தன் தகப்பனின் பண்டகசாலையைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி இல்லையா? (இது என் பகிடி, உரைகாரர்கள் மன்னிக்கட்டும்.) அடுத்ததுதான் விஷயம். இத்தனைக்கும் கண்ணகி ஒரு சொல் பதில் சொல்லவில்லை. சொன்னதாக இளங்கோ எழுதவில்லை. அவள் வாய் திறந்து பேசுவதைக் கேட்க நாங்கள் ஒன்பதாவது காதைவரை காத்திருக்க வேண்டும்.

இப்போது மாதவி பக்கம் வாருங்கள். அந்திமாலைக் காதையில் அவள் "கலவியும் புலவியும்" காதலனுக்கு அளித்தாள் என்று வருகிறது. கடலாடு காதையில் மறுபடியும், "கூடலும் ஊடலும் கோவலற்கு அளித்து". புலவி, ஊடல், இரண்டும் பிணக்கு. இரண்டு முறையும் மாதவிக்குத்தான் வருகிறது. கானல்வரி முழுக்க யாழை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போடுகிற சண்டைதானே? அவன் ஒரு பாட்டுப் பாட, இவனுக்கு வேறு யாரோ இருக்கிறாள் என்று அவள் நினைக்க, அவளும் வேறு குறிப்பு இருப்பது போல ஒன்று பாட, அவன் எழுந்து போய்விடுகிறான். சண்டை கெட்டுப்போன சண்டைதான், ஆனாலும் சண்டை. கண்ணகிக்கு அந்த வசதி தரப்படவே இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஹில்மனே தேவையில்லை, எங்களிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். திருக்குறள் முடிவதே ஊடலுவகை என்ற அதிகாரத்தில். 1302ஆம் குறள், "உப்பமைந் தற்றால் புலவி", அளவான பிணக்கு உப்பு மாதிரி என்கிறது. உப்பு கூடினால் கறி கெடும் என்பதையும் அதே குறள் சொல்கிறது, ஆனால் உப்பே போடாத கறியை வள்ளுவர் யோசித்தும் பார்க்கவில்லை. கோவலன் கண்ணகி கல்யாணம் அந்த உப்பில்லாத கறி. எனக்கு இந்தக் கல்யாணத்தின் துயரம் கோவலன் போனதில் தொடங்குவதாகத் தெரியவில்லை. அவன் போவதற்கு முன்பே அங்கே சூட்டுக்கு இடமில்லை. பொன்னோடும் முத்தோடும் யார் சண்டை பிடிப்பார்கள், சொல்லுங்கள்?

அப்படியானால் சூடு எங்கே போனது? அதற்குத்தான் படிமத்தை விடாமல் பிடிக்க வேண்டும். காப்பியத்தின் பெயரே சிலம்பு. சிலம்பு என்ன பொருள்? குழல் போல உள்ளே வெற்றிடம், அதற்குள் பரல், நடந்தால் சத்தம். வாயை மூடிக்கொண்டு உள்ளே கல்லை வைத்திருக்கிற ஒரு நகை. கோவலன் மாதவியிடம் போனதும் அந்திமாலைக் காதை என்ன சொல்கிறது? "அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய." காலிலிருந்து கழற்றிவிட்டாள். அப்போதிருந்து அந்த வீட்டில் சத்தமே இல்லை.

பிறகு அவன் திரும்பி வருகிறான். வந்து என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள். வஞ்சகக்காரியோடு சேர்ந்து, முன்னோர் தேடிய மலையளவு செல்வத்தையும் தொலைத்த "இலம்பாடு நாணுத் தரும்எனக்கு" என்கிறான். வறுமைதான் அவனுக்கு வெட்கம். அவளை விட்டுவிட்டுப் போனது பற்றி ஒரு சொல் இல்லை. அவள் சிரித்த முகம் காட்டி "சிலம்புள கொண்ம்" என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிக்குக் கொடுக்கக் காசில்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்தே அப்படிச் சொன்னாள் என்று ஒரு விளக்கம் உண்டு, அதை யோசித்தால் எனக்கு இன்னும் தாங்காது. இந்தச் சிரிப்பை மன்னிப்பு என்றுதான் மேடையில் எல்லோரும் பேசுகிறார்கள். துரோகம் பற்றி ஹில்மன் 1964இல் லண்டனில் ஒரு பேச்சுப் பேசினார். மகனைப் படிக்கட்டிலிருந்து குதி, பிடிக்கிறேன் என்று தகப்பன் சொல்கிறான், ஒவ்வொரு படியாக உயரம் கூடுகிறது, கடைசியில் கையை எடுத்துவிடுகிறான், பிள்ளை முகம் குப்புற விழுகிறது. அங்கிருந்து தொடங்கி அவர் வருகிற இடம், மன்னிப்பும் மறதியும் ஒன்றில்லை என்பது. நடந்ததை நடந்தது என்று இரண்டு பேரும் ஒருமுறை எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே எதிரில் வைக்கப்பட்டது சிலம்பு மட்டும்தான். அவன் காசைப் பற்றிக் கேட்டான், அவள் காசைப் பற்றிப் பதில் சொன்னாள்.

ஆனால் அதே காதையில், அவன் வருவதற்குச் சற்று முன், அவள் தன் தோழி தேவந்தியிடம் ஒரு கனவு சொல்லியிருக்கிறாள். அவள் வாய் திறக்கிற முதல் இடமே அந்தக் கனவு. ஒரு பெரிய ஊருக்குப் போனோம், தேளை எடுத்துப் போட்டது போல அவர் மேல் பழி போட்டார்கள், அரசன் முன்னால் நான் வழக்குரைத்தேன், அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு வந்தது. கணவனிடம் ஒரு சொல் கடிந்து பேசாத பெண் கனவில் அரசனிடம் பேசியிருக்கிறாள். அப்போது தேவந்தி ஒரு வழி சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் மூழ்கிக் காமவேள் கோயிலில் கும்பிட்டால் கணவன் திரும்புவான். கண்ணகி "பீடன்று" என்கிறாள். அது பெருமையில்லை. அடக்கமான பெண்ணின் வாயில் வருகிற சொல்லா இது? இந்த ஒரு சொல்லில் மதுரையின் நெருப்பு முழுக்க இருக்கிறது, சாம்பல் மூடிக் கிடக்கிறது.

இனி நான் உங்கள் வட்டத்தில் எல்லோரையும் உட்கார வைத்து மெதுவாக வாசிக்கச் சொல்ல விரும்புகிற இடம். கொலைக்களக் காதை, மதுரைக்கு வந்த இருவரும் தங்கிய இடைச்சி மாதரியின் வீடு, ஆய்ச்சியர் கொடுத்த புதுக் கலங்கள், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, அரிசி, பால். கண்ணகி சமைக்கிறாள். மாளிகையில் ஆட்களை வைத்து வாழ்ந்தவள், மெல்லிய விரல் சிவக்கக் காய் நறுக்குகிறாள், "திருமுகம் வியர்த்தது, செங்கண் சேந்தன". அடுப்புச் சூட்டில் முகம் வியர்த்துக் கண் சிவந்தது. நெருப்புக்குப் பக்கத்தில் அவளை நாங்கள் வடிவாகப் பார்க்கிற முதல் இடம் இது. கண் சிவப்பு புகையால்தான், இளங்கோ வேறு காரணம் சொல்லவில்லை. இருந்தாலும் அதை எழுதி வைத்திருக்கிறார்.

வாழைக் குருத்தில் சோறு போடுகிறாள், அவன் சாப்பிடுகிறான், பிறகு முதல் தடவையாக மனம் விட்டுப் பேசுகிறான். தாய் தகப்பன் சொல் கேட்கவில்லை, தப்பு என்று பார்க்கவில்லை, எழுந்து வா என்றேன், எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்கிறான். கண்ணகி பதில் சொல்கிறாள். விருந்தினரை வரவேற்கிற உரிமையைக்கூட நான் இழந்திருந்தேன் என்று தொடங்கி, மாமனும் மாமியும் என் மனநோவை மறைத்த சிரிப்பைப் பார்த்து வருந்தினார்கள் என்று சொல்லி, மூன்று சொல்லில் போட்டு உடைக்கிறாள்: "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." யாரும் மதிக்காத வேலையைச் செய்தீர்கள். இந்தக் கல்யாணத்தில் அவள் அவனைப் பார்த்துச் சொன்ன ஒரே குற்றச்சாட்டு இது. இத்தனை வருடம் பிந்தி வந்த ஊடல்.

அவன் அப்போது என்ன செய்திருக்கலாம்? இருந்திருக்கலாம். "ஓம், செய்தேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வாயில் வருவது, "பொன்னே! கொடியே! புனைபூங் கோதாய்! நாணின் பாவாய்!" பார்த்தீர்களா? மேல்மாடத்துப் பட்டியல் திரும்பி வந்துவிட்டது. சூடு கொஞ்சம் எழுந்த உடனே அவளை மறுபடி பொன்னாக்கிவிட்டான். அந்த மூச்சிலேயே, உன் காற்சிலம்பில் ஒன்றைக் கொண்டுபோய் விற்று வருகிறேன் என்று கிளம்புகிறான். உளவளத்துணை அறையில் நான் இந்த நிமிடத்தை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. மனைவி கடைசியில் ஒரு வசனம் சொல்வா, புருஷன் உடனே மிகவும் அன்பாக, "நீ தங்கம் மாதிரி, உனக்கு என்ன வேணும் சொல்லு" என்பார். கேட்கிற எனக்கே கதவு சாத்துகிற சத்தம் காதில் விழும்.

கதையின் மிச்சம் உங்களுக்குத் தெரியும், ஓடிவிடுகிறேன். பொற்கொல்லன், பொய், வெட்டு. கண்ணகி அவன் உடலைத் தழுவ, அவன் எழுந்து நின்று "நிறைமதி வாள்முகம் கன்றியது" என்று சொல்லிக் கையால் கண்ணீரைத் துடைக்கிறான். அப்போதும் நிறைமதி என்கிறான், விடமாட்டான்! ஆனாலும் 'கன்றியது' என்ற சொல் புதிது. அவள் முகத்தில் என்ன நடக்கிறது என்று அவன் கண்டு சொன்னது செத்த பிறகுதான். அவன் வானுலகம் போனதும் அவள் சொல்கிறாள்: "காய்சினம் தணிந்தன்றிக் கணவனைக் கைகூடேன்." என் கோபம் ஆறாமல் கணவனோடு சேரமாட்டேன். அரசன் மேல் உள்ள கோபம்தான், வாசகம் தெளிவு. ஆனால் ஆறாத கோபத்தோடு சேர முடியாது என்ற அறிவு இந்தக் கல்யாணத்துக்குள் வருகிற முதல் தடவையும் இதுதான்.

அரசவையில் அவள் சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். மேல்மாடத்தில் கோவலன் அவளை என்னவென்று கூப்பிட்டான்? வலம்புரி முத்தே. முத்து பாண்டிமாதேவியின் காலில் இருந்தது, தம்பி. இவளுக்குள் இருந்தது சிவப்புக் கல். (மணியே என்றும் சொன்னானே என்று யாராவது மடக்குவார்கள். சொன்னான், ஆனால் "மணியே என்கோ?" என்று, மணி என்று சொல்லட்டுமா என்று கேள்வியாக. அந்தக் கேள்விக்கு அவன் இருந்து பதில் கேட்கவில்லை.) உடைந்த மணி தெறித்துப் போய் விழுந்த இடம் "மன்னவன் வாய்முதல்". வாயில். இவ்வளவு நாள் சத்தம் போடாத நகை ஒரு வாயைப் போய் அடிக்கிறது. இதற்கு மேல் தொல்படிமத்தின் பெயர் என்ன என்று கேட்க எனக்கு ஆசை வரவில்லை.

இனி நான் மட்டக்களப்புக்காரி என்பதால் மட்டும் சொல்லக்கூடிய விஷயம். எங்கள் ஊர்ச் சனம் இந்தக் கல்யாணத்துக்கு என்ன குறை என்று எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். கொம்புமுறி கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர் இரண்டாகப் பிரியும், வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரண்டு கொக்கி போன்ற கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டிக் கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். வென்ற பக்கம் தோற்ற பக்கத்தைப் பாட்டில் நாறடிக்கும். சிங்களச் சனத்திடமும் இது அங்கெலிய என்ற பெயரில் இருக்கிறது, அங்கேயும் ஒரு பக்கம் பத்தினி (கண்ணகியை அவர்கள் கூப்பிடுகிற பெயர்), மறுபக்கம் அவள் கணவன் பாலங்க. யோசித்துப் பாருங்கள், காப்பியத்தில் வராத சண்டையை ஊர் முழுக்க நின்று இழுத்துச் செய்கிறது. எங்கள் அம்மம்மா தென்சேரி, அம்மப்பா வடசேரி. கொம்பு நடக்கிற நாட்களில் அம்மம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவாவாம், இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, முடிந்ததும் எதுவுமே நடக்காதது போல வந்து அடுப்பு மூட்டுவாவாம்.

அதற்குப் பிறகு வைகாசிச் சடங்கு. கோயிலில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள், கடைசி நாள் குளிர்த்தி, பூசை செய்கிற கட்டாடியார் வேப்பிலையும் தண்ணீருமாக அம்மாளைக் குளிர வைப்பார். 1929இல் யுங் ஒரு வரி எழுதினார், தெய்வங்கள் நோய்களாகிவிட்டன என்று. ஹில்மன் அந்த வரியை வைத்துக்கொண்டு எவ்வளவோ கட்டினார். எங்கள் ஊரில் யாருக்கும் அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, அம்மை போட்டால் அம்மாள் வந்திருக்கிறா என்றுதான் சொல்வோம். காய்சினம் தணியாமல் சேரமாட்டேன் என்றாள் அல்லவா, தணிக்கிற வேலையை ஊர் எடுத்துக்கொண்டது, வருடா வருடம். யுங் 1938 தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தவர், கண்டி தலதா மாளிகையைப் பார்த்துவிட்டுப் போனார். கிழக்குக்கு ஒருமுறை பஸ் ஏறியிருந்தால் எங்கள் கட்டாடியாரோடு நல்லாகக் கதைத்திருப்பார்.

கொழும்பில் இருந்து பார்க்க வேண்டுமானால் கடுவெலைக்கு அங்கால் நவகமுவ பத்தினி தேவாலயம் இருக்கிறது, ஒரு நாள் போய் வாருங்கள். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் பத்தினி வழிபாடு பற்றிப் பெரிய நூல் எழுதினார், அவர் வாசிப்பு ஃப்ராய்டு பக்கம். பாலங்க ஆண்மையற்றவன், பத்தினி மனைவியாகியும் கன்னி என்கிற சிங்கள மரபுக் கதைகளை வைத்துக் குடும்ப அமைப்பையே விளக்கப் பார்க்கிறார். கெட்டித்தனமான வேலை. எனக்கு மனம் முழுதாக ஒப்பவில்லை, ஏனென்றால் அது அம்மாளை ஒரு நோயறிக்கையாக்கிவிடுகிறது. ஆனால் வாசிக்காமல் கடந்து போகக்கூடாது.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும், கூட்டத்தில் யாராவது பெண்பிள்ளை கட்டாயம் கேட்பா: அப்படியானால் கண்ணகி சண்டை பிடிக்காதது கண்ணகியின் பிழையா? இல்லை. பன்னிரண்டு வயதில் கட்டிக் கொடுத்து, வாயைத் திறக்க முதல் பொன்னே முத்தே என்று சொல்லி உட்கார வைத்த பிள்ளையிடம் போய் நீ ஏன் கத்தவில்லை என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கும். இந்த வழியில் வாசிக்கும்போது குற்றவாளியைத் தேடுகிற வேலையே பின்னுக்குப் போய்விடுகிறது, அதுதான் இதில் எனக்குப் பிடித்ததும் சில நேரம் பயமாக இருப்பதும். பயம் ஏனென்றால், உண்மையான வீட்டில் அடி விழுகிறது என்று தெரிந்தால் நான் படிமம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், முதலில் அந்தப் பெண்ணைப் பத்திரமான இடத்துக்கு அனுப்புவேன். புத்தகத்துக்குள் இருக்கிற கல்யாணத்தோடு ஆற அமர இருக்கலாம், அங்கே யாரையும் காப்பாற்ற ஓட வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு என் யோசனை, கட்டுரை வேண்டாம். கொலைக்களக் காதையை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அடுத்த வரிக்குப் போகாமல் ஒரு ஐந்து நிமிடம் இருங்கள், கோவலன் என்ன சொல்லியிருக்கலாம் என்று ஆளுக்கு ஒரு வசனம் எழுதட்டும், கல்யாணம் முடித்த ஆக்கள் எழுதுவதையும் முடிக்காத ஆக்கள் எழுதுவதையும் தனித்தனியே வாசியுங்கள். பிறகு "பொன்னே, கொடியே" என்று தொடருங்கள், அறையில் யாராவது சிரிப்பார்கள் அல்லது பெருமூச்சு விடுவார்கள்.

நீங்கள் கடைசியில் கேட்டிருந்தீர்கள், இரண்டு பேரும் பிறகு சேர்ந்தார்களா என்று. பதினாலு நாள் கழித்து, நெடுவேள் குன்றத்து வேங்கை மரத்தடியில், வானுலகத்தாரோடு கோவலன் வருகிறான், வான ஊர்தியில் ஏறிப் போகிறார்கள். அங்கே அவர்கள் என்ன பேசினார்கள் என்று இளங்கோ எழுதவில்லை. அம்மம்மாவிடம் இதைக் கேட்டிருக்கிறேன். கொம்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் நீயும் அம்மப்பாவும் முதலில் என்ன கதைப்பீர்கள் என்றும் கேட்டேன். தோற்ற வருடமா வென்ற வருடமா என்று திருப்பிக் கேட்டா.